நாற்பது ஆண்டு மன்ற உறுப்பினர்

ஆசிரியருக்கு,

தி.நகரில் கடை கடையாக ஏறி இறங்கும் பலருக்கு, அந்த 'தி' பிட்டி தியாகராயர் என்பது தெரியாது. நீதிக்கட்சித் தலைவர் என்று பாடப்புத்தகம் சொல்லும், அதோடு சரி. அவர் 1882 முதல் சுமார் நாற்பது ஆண்டுகள் சென்னை மாநகராட்சி மன்றத்தில் இருந்தவர் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். 1920 தேர்தலுக்குப் பிறகு மாகாணத்தின் முதல் அமைச்சர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். மாநகராட்சியை விடவில்லை.

அதே 1920 செப்டம்பரில் அவர் தலைமையில் இருந்த மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி, ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. பசியோடு வரும் ஏழைப் பிள்ளைகளால் படிக்க முடியவில்லை, பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்பதுதான் காரணம். மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்த திட்டம், ஆங்கிலேய அரசு நிதி மறுத்ததால் 1925இல் நின்றது. 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தின் வேர் அங்கேதான்.

வார்டு கவுன்சிலர் பதவியை எம்.எல்.ஏ. சீட்டுக்குப் படிக்கட்டாகப் பார்ப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும். அந்தத் தீர்மானத்தின் நகலை மாநகராட்சிப் பள்ளிகள் எல்லாவற்றிலும், பிள்ளைகள் சாப்பிடும் இடத்தில் மாட்டி வைக்க மேயர் ஏற்பாடு செய்யவேண்டும்.

- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை