தரம் 5 பெற்றோருக்கு: பிள்ளைகள் இந்த வருடம் என்ன படிக்கிறார்கள்?

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

இறைவனின் சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

இரண்டாம் தவணை முடியப் போகிறது. தேர்ச்சி அறிக்கை தனியாக உங்கள் கைக்கு வரும், புள்ளிகளை அதில் பார்த்துக்கொள்ளலாம். புள்ளியில் அடங்காத சில விஷயங்களைச் சொல்லவே இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். வாசிக்க நேரமில்லாதவர்கள் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத்தடுமாறாமல் வாசிப்பார்கள்.

போன கூட்டத்தில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "புலமைப்பரிசில் பரீட்சை வருது சார், பிள்ளைங்க இன்னும் மழையை அளந்துக்கிட்டு, கொழுந்தை நிறுத்துக்கிட்டு இருக்காங்க. வினாத்தாள் எப்ப செய்வாங்க?" உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வினாத்தாளும் செய்கிறோம், வாரம் தவறாமல் செய்கிறோம். ஆனால் அந்த மழையையும் கொழுந்தையும் நான் கைவிடப் போவதில்லை. ஏன் என்று விளக்கமாகச் சொல்ல வேண்டியது என் கடமை.

முதலில் தேயிலைக் கொழுந்து. வகுப்பாசிரியை நிறுத்தல் பாடத்தைத் தொடங்கியபோது புத்தகத்தில் இருந்த படங்களோடு நிற்கவில்லை. வேலியோரச் செடிகளில் பிள்ளைகளே கொழுந்து பறித்தார்கள். 450 கிராம் நிறுத்து, பத்திரிகைத் தாளில் பரப்பி, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தார்கள். தினமும் காலையில் நிறுத்துக் கொப்பியில் குறித்தார்கள். நிறை இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் நூறு கிராமை ஒட்டி நின்றது. மிச்சமெல்லாம் தண்ணீர். தொழிற்சாலையிலும் இதுதான் கணக்கு: ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து கொடுத்தால்தான் ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும்.

அப்புறம் ஆசிரியை கேட்டார்: ஓர் அம்மா ஒரு நாளைக்கு 18 கிலோ எடுத்தால் எத்தனை கிலோ தூள்? நாலு கிலோ. ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்றால் எத்தனை கோப்பை? பெருக்கல், வகுத்தல், கிலோகிராமைக் கிராமாக்குவது எல்லாம் அந்த ஒரே கணக்கில் வந்துவிட்டன. விடை 2,000. வகுப்பு சற்று நேரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு சிறுமி எழுந்து, "அப்ப எங்கம்மா ஒரே நாள்ல ரெண்டாயிரம் பேருக்குத் தேத்தண்ணி குடுக்குறாங்க" என்றாள். அன்றைக்கு நான் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருட ஆசிரியத் தொழிலில் நான் கேட்ட மிகச் சிறந்த விடைகளில் அதுவும் ஒன்று. எந்த வினாத்தாளிலும் அதற்குப் புள்ளி கிடையாது.

அன்று மாலையே சில பிள்ளைகள் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய்த் தராசடியில் நின்று பார்த்ததாகக் கேள்விப்பட்டேன். சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். கேட்டால் சொல்லிக்கொடுங்கள். துண்டில் எழுதியிருப்பதைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்த பிள்ளை உங்களுக்கு என்றைக்கும் துணையாக இருக்கும்.

இனி மழை. குளிர்பானப் போத்தலின் மேல்பாகத்தை வெட்டி, புனல்போலக் கவிழ்த்து வைத்து, பக்கத்தில் அடிமட்டத்தை ஒட்டி மழைமானி செய்திருக்கிறார்கள். போத்தலின் அடி சமமாக இருக்காது. அதனால் கூழாங்கல் போட்டு, தண்ணீரைப் பூச்சியக் கோடுவரை நிரப்பி, அதிலிருந்துதான் அளக்கிறார்கள். பெரிய போத்தல் வைத்தால் அதிக மழை காட்டும் என்று ஒரு கூட்டம் சொன்னது, இல்லை என்று இன்னொரு கூட்டம் சொன்னது. யார் சரி என்று ஆசிரியை சொல்லவில்லை. வாயிலிருந்து அடிவரை அகலம் மாறாத இரண்டு பாத்திரங்களை, ஒன்று பெரிது ஒன்று சிறிது, முற்றத்தில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் இரண்டிலும் ஒரே உயரம்! பெரிய பாத்திரத்தில் தண்ணீர் அதிகம் விழுகிறது, ஆனால் பரவுவதற்கு இடமும் அதிகம் என்று பிள்ளைகளே பேசிப் பேசிக் கண்டுபிடித்தார்கள். இப்படி யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு முதலாம் வினாத்தாளின் நுண்ணறிவுக் கேள்விகள் பயம் தராது.

மழைமானியில் மூன்று நிறத்தில் நூல் கட்டியிருக்கிறோம். மலைச்சரிவில் வாழும் நமக்கு இது வெறும் பாடமல்ல. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் புறப்படத் தயாராக வேண்டும், 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவுகள் இவை. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரெனக் கிளம்பும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுத் தண்ணீர், காரணமில்லாமல் இறுகிப்போகும் கதவு ஆகிய அறிகுறிகளையும் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயத்து வீடுகள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் பிள்ளை ஓர் இரவில் வந்து, "அப்பா, பின்னால மண்ணு வெடிச்சிருக்கு" என்று சொன்னால் தயவுசெய்து "சும்மா படு" என்று சொல்லாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.

தமிழில் இந்தத் தவணை தாத்தா பாட்டிமாரிடம் கேட்டு எழுதும் வேலை நடந்தது. 1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துராவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது புத்தகத்தில் இருக்கிறது. அதற்கு முன்பே கோப்பித் தோட்டங்களுக்காக இந்தியாவிலிருந்து கடல் தாண்டி, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்தவர்களின் கதை சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. ஒரு மாணவன் தன் தாத்தா, மன்மதன் ரதி கதையை ஆடும் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டியதைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். வழக்கமாக ஐந்து வரிக்கு மேல் எழுதாத பிள்ளை அவன். எழுத்துப்பிழை நிறைய இருந்தது, ஆசிரியை திருத்திக் கொடுத்திருக்கிறார். அந்தக் கொப்பியை நானும் கேட்டு வாங்கி வாசித்தேன்.

சிங்களமும் ஆங்கிலமும் முன்னேறி வருகின்றன. பேசுவதில் கூச்சம் இன்னும் போகவில்லை. டவுனுக்குக் கூட்டிப்போகும்போது கடையில் பிள்ளையையே பேச விடுங்கள்.

சமய பாடம் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். நமது பாடசாலை திருச்சபையினுடையது. 1960, 61ஆம் ஆண்டுகளில் நாட்டின் பெரும்பாலான மிஷன் பாடசாலைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது திருச்சபையிடமே தங்கிய சிலவற்றில் இதுவும் ஒன்று. ஆனாலும் இங்கே சைவப் பிள்ளைக்குச் சைவநெறிதான், கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிறிஸ்தவம்தான், கத்தோலிக்கப் பிள்ளைக்கு அதற்குரிய பாடம்தான். காலைக் கூட்டத்தில் எல்லாரும் ஒன்றாக நிற்பார்கள், யாரையும் எதையும் சொல்லும்படி வற்புறுத்துவதில்லை. இந்தத் தவணை, அடிபட்டுக் கிடந்தவனை மற்றவர்கள் கடந்து போக அந்நியன் ஒருவன் காப்பாற்றும் நல்ல சமாரியன் கதையைத் தரம் 5 நாடகமாகப் போட்டது. அடிபட்டுக் கிடப்பவனைத் தோட்டத்துப் பாதையில் கிடத்தி, கடந்து போகிறவர்களை நம் ஊர் ஆட்களாகவே காட்டினார்கள். பார்க்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சரி, பரீட்சைக்கு வருகிறேன். இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளி. வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிக்கு மொழி மாறும். வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்கும் வழி என்பதால் இந்தப் பரீட்சையை நான் குறைத்து மதிக்கவே மாட்டேன். நம்மவர்கள் எத்தனையோ பேர் அந்த வழியால் மேலே போயிருக்கிறார்கள். ஆனால் வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையும் ஜனவரியில் தரம் 6க்குப் போகத்தான் போகிறது. அங்கே விஞ்ஞானமும் வரலாறும் புதிதாக வரும்போது, விடையை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை திணறும். கேட்கவும் அளக்கவும் எழுதவும் பழகிய பிள்ளை சமாளித்துக்கொள்ளும்.

அதனால் உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். சில பிள்ளைகள் பாடசாலை விட்டதும் ஒரு ரியூசன், அது முடிந்ததும் இன்னொன்று என்று இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போகிறார்கள். காலையில் முதல் பாடத்திலேயே கண் சொக்குகிறது. உங்கள் வியர்வைக் காசு அது, பிள்ளை நன்றாக வர வேண்டும் என்றுதான் கட்டுகிறீர்கள், எனக்குத் தெரியும். ஒன்றோடு நிறுத்துங்கள். முடிந்தால் அதுவும் வேண்டாம். சந்தேகமான கணக்கை வகுப்பாசிரியையிடம் கேட்கட்டும், வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகும் அவர் ஒரு மணி நேரம் இருக்கிறார், பணம் எதுவும் கட்டத் தேவையில்லை.

ராத்திரியில் பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து கேளுங்கள். எனக்கு எழுத்துத் தெரியாதே என்று சில அம்மாமார் தயங்குகிறீர்கள். எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. அடுப்படியில் வேலை செய்துகொண்டே "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டால் போதும், பிள்ளை வாசித்ததை விளங்கிச் சொல்லப் பழகிவிடும். இன்னொன்று. பக்கத்துக் காம்பராப் பிள்ளையின் புள்ளியோடு உங்கள் பிள்ளையின் புள்ளியை ஒப்பிட்டுத் திட்டாதீர்கள். பரீட்சை முடிவு வரும் நாளிலும் அப்படியே இருங்கள். பத்து வயதுப் பிள்ளை அந்தச் சொல்லை நீண்ட காலம் சுமக்கும்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தை வேலை நாள் காலையில் வைக்கவில்லை. அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போய்விடும் என்று நீங்கள் சொன்னது சரிதான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தரம் 5 வகுப்பறையில் வைக்கிறோம். அப்பா கொழும்பில் வேலையென்றால் அம்மா வரலாம், இருவரும் வெளியூரில் என்றால் பாட்டியோ தாத்தாவோ வரலாம். கொப்பிகளும் மழைக் குறிப்பும் மேசையில் இருக்கும். எதை எப்படிச் செய்தார்கள் என்று உங்கள் பிள்ளையே உங்களுக்குச் சொல்லிக் காட்டும். கீழேயுள்ள துண்டில் ஒப்பமிட்டு, அல்லது பெருவிரல் அடையாளம் வைத்து, வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
அதிபர்