அப்புச்சியின் பத்மினியில் ஈகோ என்ஜினா? மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அப்புச்சியின், அதாவது என் அப்பாவின், பிரீமியர் பத்மினியிலிருந்து பழைய என்ஜினை இறக்கிவிட்டு, மாருதி ஈகோவின் 1.2 லிட்டர் என்ஜினையும் அதனுடைய ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள் என்றும், முன்பணம் கொடுக்கும் முன் என்னைக் கேட்பதாகவும் சொன்னாய். வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிட்டேன். அதற்கான காரணங்களைப் போனில் விளக்க முடியவில்லை என்பதால் எழுதுகிறேன். பழைய கார் வைத்திருக்கும் இளைஞர்கள் பலரும் இதே கேள்வியைக் கேட்பதால், உன் அனுமதியோடு எல்லோரும் படிக்கும்படி இதை வெளியிடுகிறேன்.

உன் ஆசையில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1089 சிசி, ஏறத்தாழ நாற்பது குதிரைத்திறன், நான்கு கியர். இதை வைத்துக்கொண்டு ஏறக்குறைய 900 கிலோ எடையுள்ள வண்டியில் குடும்பத்தை ஏற்றி அவிநாசி தாண்டி சேலம் சாலையில் போகும்போது, பின்னால் வரும் லாரி ஹார்ன் அடித்து ஒதுங்கச் சொல்கிறது. வெயில் காலத்தில் நகர நெரிசலில் கால் மணி நேரம் நின்றால், என்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகி பம்ப் இழுக்க மறுக்கிறது. இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் பம்பின் டயாஃபிரத்தையும் அரித்துவிடுகிறது. இவற்றையெல்லாம் அனுபவித்த பிறகுதான் நீ இந்த முடிவுக்கு வந்திருக்கிறாய். ஈகோவைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துச் செய்த தேர்வுதான். பெரும்பாலான இன்றைய சிறிய கார்களில் என்ஜின் குறுக்காகப் படுத்து முன்சக்கரங்களை ஓட்டுகிறது, ஈகோவிலோ பத்மினியைப் போலவே நீளவாக்கில் நின்று பின்சக்கரங்களை ஓட்டுகிறது. அதன் பிளாக் அலுமினியம், ஆகவே எடைச் சிக்கலும் இல்லை.

இருந்தும், பானெட்டுக்கு அடியில் இடம் இருப்பதாலேயே வேலை முடிந்துவிடும் என்று பட்டறைக்காரர் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பத்மினிக்குத் தனி சேசிஸ், அதாவது பாடியைத் தாங்கும் தனி அடிச்சட்டம், கிடையாது. 1953-இல் இத்தாலியில் வந்த ஃபியட் 1100-103-இன் வழி வந்த வண்டி அது, பாடியே சேசிஸ். எங்கே வெட்டினாலும், எங்கே வெல்டிங் வைத்தாலும், வண்டியின் எலும்பில்தான் கை வைக்கிறோம். புது என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் மவுண்டிங் செய்ய வேண்டும். ஆயில் சம்ப்பும் உறிஞ்சு குழாயும் ஈகோவில் அமைந்திருந்த நிலைக்கு ஏற்றவை என்பதால், என்ஜினை இங்கேயும் அதே சாய்வில்தான் உட்கார வைக்க வேண்டும். ஈகோவில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால் கியர் லீவர் கியர் பெட்டிக்கு முன்புறமாக நிற்கிறது. பத்மினியில் என்ஜின் முன்னால் போய்விடுவதால் லீவருக்கான இணைப்பு முழுவதையும் புதிதாகக் கடைந்து செய்ய வேண்டும். அந்த லீவர் தரையைத் துளைத்துக்கொண்டு எழும்பும் இடத்தில்தான் நம் வண்டியின் நீளமான முன்சீட்டு இருக்கிறது. சீட்டையும் மாற்றுவார்கள், தரையையும் வெட்டுவார்கள், ஸ்டீயரிங்கோடு இருக்கும் ஹேண்ட் கியர் கழற்றி மூலையில் போடப்படும்.

பெட்ரோல் பக்கம் பார். பழைய பம்ப் கார்புரேட்டருக்கு மெல்லத் தள்ளிவிட்டால் போதும். இன்ஜெக்‌ஷன் என்ஜினுக்குச் சுமார் மூன்று பார் அழுத்தத்தில் இடைவிடாமல் பெட்ரோல் வேண்டும். அதற்கு மின்சார பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய், வளைவில் பெட்ரோல் ஒருபக்கம் ஒதுங்கினாலும் பம்ப் காற்றை உறிஞ்சாதபடி டேங்கிற்குள் ஓர் ஏற்பாடு ஆகிய மூன்றும் வேண்டும். இது போக, என்ஜினை இயக்கும் கணினியான ஈசியூ, அதற்கான ஒயரிங், ஆக்சிஜன் சென்சார், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், புது அளவில் பேலன்ஸ் செய்த புரொப்பல்லர் ஷாஃப்ட், பழைய டிஃபரன்ஷியலின் பல் விகிதத்தோடு புதிய கியர்கள் ஒத்துப்போகிறதா என்ற கணக்கு என்று நீண்டுகொண்டே போகும். இவற்றைச் சரியாகச் செய்யும் திறமை கோவையில் நிச்சயம் இருக்கிறது. ஆனால் உன்னிடம் சொன்ன தொகையில், சொன்ன நாள்களில், இத்தனையையும் ஒருவர் பொறுப்பாகச் செய்து முடிப்பார் என்று நான் நம்பவில்லை. பாதியில் நின்றுபோன இத்தகைய வண்டிகள் எத்தனையோ பட்டறைகளின் பின்புறத்தில், பானெட் இல்லாமல், மழையில் நனைந்துகொண்டிருக்கின்றன.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பிரேக். நம் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக், வாக்குவம் பூஸ்டர் இல்லை, முழுக்க முழுக்க ஓட்டுகிறவரின் கால் பலம். நாற்பது குதிரைத்திறனுக்கு அது போதுமானதாக இருந்தது. ஈகோவின் பழைய 1.2 என்ஜினே எழுபத்து மூன்று குதிரைத்திறன் தருவது. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் இப்போது வருவதைவிட வேகமாக வந்து சேர்வாய். டிரம்முக்குள் சூடு ஏற ஏற லைனிங்கின் பிடி தளரும், பெடலை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி அதற்கேற்ப நிற்காது. முன்பக்கச் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பெட்டி, பின்னால் உள்ள பட்டை ஸ்பிரிங் எல்லாமே அந்த நாற்பதுக்குத்தான் அளவெடுத்துச் செய்யப்பட்டவை. பட்டறைக்காரர் கொடுத்த மதிப்பீட்டில் பிரேக் என்ற சொல்லே இல்லை என்று நீ சொன்னபோது எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

கம்பெனிக்காரர்களே மாற்றவில்லையா என்று கேட்டாய். மாற்றினார்கள். 1990-களின் தொடக்கத்தில் அம்பாசடருக்கு இசுசு 1.8 லிட்டர் என்ஜினும் ஐந்து கியரும் வந்தன. பிரீமியர் நிறுவனமே 1985-இல் ஃபியட் 124-இன் பாடியில் நிசானின் 1171 சிசி என்ஜினை வைத்து 118 என்.இ.யைக் கொண்டுவந்தது, பத்மினியிலேயே 137 டி என்ற பெயரில் டீசல் என்ஜினும் வந்தது. இந்த எடுத்துக்காட்டுகளை நான் மதிக்கிறேன். அவற்றின் பின்னால் வரைபடம், சோதனை ஓட்டம், அரசு அங்கீகாரம் எல்லாம் இருந்தன. அந்த என்ஜின் எந்த வண்டியில் வந்ததோ அந்த வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யிலும் அதே விவரம்தான் இருந்தது.

சட்டம் இதைத்தான் கேட்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. வேறு எரிபொருளுக்கோ மின்சாரத்துக்கோ மாறுவதற்கு, அங்கீகரிக்கப்பட்ட கிட்டுகளோடு, சட்டம் தனியாக ஒரு வழி வைத்திருக்கிறது. தேய்ந்த என்ஜினுக்குப் பதில் அதே தயாரிப்பின் அதே வகை என்ஜினை முன் அனுமதி பெற்றுப் போட்டு, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வது வேறு. பிரீமியர் என்று எழுதிய வண்டியில் மாருதி என்ஜினை வைப்பது வேறு. தகுதிச் சான்றான எஃப்.சி.க்குப் போகும்போது யாரும் பார்க்க மாட்டார்கள் என்று உன்னிடம் சொன்னவர், விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் என்ஜின் எண்ணைத் துடைத்துப் பார்க்கும் அன்று உன் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. வண்டி 1976-இல் பதிவானது; 2026-இல் ஐம்பது ஆண்டு நிறைகிறது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதியின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, என்ஜினிலும் பாடியிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவில் பராமரிக்கப்படும் கார்களை விண்டேஜ் வாகனமாகப் பதிந்து, ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனி எண் பெறலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அப்படிப் பதிந்தால் அன்றாடப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால், இப்போதே செய் என்று நான் சொல்ல மாட்டேன். உன் வேலை வேறு ஊருக்கு மாறி, வண்டி ஆண்டுக்கு நாலைந்து முறை மட்டும் வெளியே வரும் காலம் ஒன்று வரலாம். அன்று அந்த வழி உனக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். தரையை வெட்டி வேறு என்ஜினை ஏற்றினால் அது அடைபட்டுவிடும்.

அந்த என்ஜினை நீ இன்னும் நல்ல நிலையில் கேட்டதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா, உன் அப்புச்சி, பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி இது. என் சிறு வயதில் மூன்றாம் கியரில், சற்றே நாசியால் முனகுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு, திணறாமல் பர்லியார் மலைப்பாதை ஏறும். இப்போது நீ கேட்பது ரிங் தேய்ந்து, டைமிங் தள்ளிப்போய், கார்புரேட்டரில் கசடு சேர்ந்த ஓர் என்ஜினின் சத்தம். நாற்பது குதிரைத்திறனில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமலே நாம் அதைக் குறைவு என்கிறோம். சென்ற முறை வந்தபோது, ஐடிலிங்கில் ஓடும் என்ஜினின் ஆயில் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். துளையிலிருந்து நீலப் புகை விட்டுவிட்டுத் துடித்து வந்தது, மூடியைத் தலைகீழாகத் துளைமேல் வைத்தால் தடதடவென்று ஆடியது. பிஸ்டனைத் தாண்டி வாயு கீழே இறங்குகிறது என்று அதற்குப் பொருள். இது ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் வேலை, செய்ய வேண்டிய நிலை. வண்டியைக் கைவிட வேண்டிய நிலைக்கு இன்னும் வரவில்லை.

68 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), தள்ளுகம்பியால் திறக்கும் எட்டு வால்வுகள். இதைவிட எளிமையான என்ஜினை இன்று பார்ப்பது கடினம். நல்ல லேத் பட்டறை ஒன்று இதைப் புதிதாக்கிவிடும். போர் மிகவும் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் என்னும் உள்ளுறை இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். கிராங்க்கை அளந்து, தேவையானால் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடச் சொல். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டதால், வால்வு சீட்டுகளையும் கடினமான உலோகத்தில் மாற்றச் சொல். ஹெட் வளைந்திருக்கிறதா என்று சமதளத்தில் வைத்துப் பார்க்காமல் கேஸ்கட் போட விடாதே.

அதோடு, பழமை என்ற பெயரில் தொந்தரவைச் சுமக்கச் சொல்கிறவன் நான் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரின் பாயின்ட்டுக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் வை. வெளியே பார்த்தால் தெரியாது, விடிகாலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். ரேடியேட்டரின் உட்பகுதியான ‘கோர்’ புதிதாக வரட்டும். பெட்ரோல் குழாய்களையும் பம்பின் டயாஃபிரத்தையும் எத்தனால் தாங்கும் பொருளில் மாற்று. எத்தனால் கலந்த பெட்ரோலில் கலவை மெலிந்து சூடேறும் என்பதால், கார்புரேட்டரின் மெயின் ஜெட்டைச் சற்றே பெரிதாக்க வேண்டியிருக்கும். பிளக்கின் நிறத்தைப் பார்த்து அதை முடிவு செய்யலாம். குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி எடுத்துச் சென்றாலே வெயில் கால நிறுத்தத்தில் பாதி குறையும். பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் அனைத்தும் புதிதாக வரட்டும். மூலப் பாகங்களையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வை. பின்னாளில் ஒருவர் எல்லாவற்றையும் பழையபடி மாட்ட நினைத்தால், ஒரு ஸ்பேனர் போதும்.

பிளாக்கே வெடித்துவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். அப்போதும் இன்னொரு 1089 என்ஜினைத் தேடுவோம். மும்பையில் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரில்தான் கடைசியாகச் சாலையை விட்டுப் போயின. அங்கே உடைத்த வண்டிகளின் பாகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சென்னையில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையிலும் நிதானமாகத் தேடினால் அமையும். வேகமாகவும் ஏசியோடும் சேலம் போய்வர வேண்டும் என்பதே உன் முதல் தேவை என்றால், அந்தப் பட்டறைக்குக் கொடுக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பழைய சிறிய கார் ஒன்றை அதற்கென்று வாங்கிக்கொள்; அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

முன்பணம் கொடுக்காதே. இந்த வாரம் நான்கு பிளக்கையும் கழற்றி, என்ஜின் சூடாக இருக்கும்போது, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே எழும் அழுத்தம், பார்த்துக் குறித்துக்கொள். பிறகு பிளக் துளையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடியும் பார். அளவு கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். நான்குக்கும் இடையே பத்து சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் எந்தச் சிலிண்டர் என்று தனியாக எழுது. அந்த எட்டு எண்களையும் எனக்கு அனுப்பு. ஹெட்டைக் கழற்றும் நாளில் நானும் கோவைக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் மாமா