விட்டு விட்டு ஓடும் மிஷின்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசும்போதே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. ஆபீஸ் வேலையையும் முடித்து, குழந்தையையும் தூங்க வைத்துவிட்டு, பாத்திரம் கழுவும் மிஷின் (டிஷ்வாஷர்) விட்டு விட்டு ஓடுவதால் பதினொரு மணிக்கு சிங்க் முன்னால் நிற்கிறாய். அம்மா, "கையால கழுவிட்டாப் போச்சு, அந்த மிஷினே எதுக்கு" என்கிறாள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதைச் சரி செய்தே ஆக வேண்டும். ஆனால் மெக்கானிக் வந்து பார்க்காமலே "போர்டு போயிருக்கும், மாத்தணும்" என்றாராமே, அதற்கு மட்டும் இப்போதே தலையாட்டாதே. போர்டு, அதாவது மிஷினை இயக்கும் எலக்ட்ரானிக் அட்டை, போகவே போகாது என்றில்லை. ஆனால் விட்டு விட்டு வரும் பழுதுக்கு எல்லோரும் முதலில் கைகாட்டுவது அதைத்தான், விலையும் அதற்குத்தான் ஜாஸ்தி. மில்லில் எலக்ட்ரிகல் செக்‌ஷனில் எந்த மிஷின் நின்றாலும் நாங்கள் முதலில் கேட்பது "எப்போ நிக்குது, எப்போ ஓடுது" என்றுதான்.

நீ சொன்னதில் ஒரு விஷயம் மனதில் தங்கிவிட்டது. இரண்டு நாள் அசையாமல் கிடக்கிறது, அப்புறம் தானாக ஓடுகிறது, ஓடாத நாளில் ஸ்விட்சைப் போட்டால் அடியில் பம்ப் சத்தம் மட்டும் நிற்காமல் வருகிறது. இந்த மாதிரி நிறைய மிஷின்களில் அடிப்பாகத்தில் ஒரு தட்டு இருக்கும், அதில் ஒரு தெர்மாகோல் மிதவை, அதோடு சேர்ந்த சின்ன ஸ்விட்ச். எங்காவது ஒழுகி அந்தத் தட்டில் தண்ணீர் நின்றால் மிதவை மேலே எழும்பும், உடனே மிஷின் தண்ணீர் வரும் வழியை அடைத்துவிட்டு, உள்ளே இருப்பதை வெளியே தள்ளும் பம்பை மட்டும் ஓட்டிக்கொண்டே இருக்கும். வீட்டில் வெள்ளம் ஆகாமல் இருக்க வைத்த ஏற்பாடு. கொஞ்சம் தண்ணீர் என்றால் சில நாளில் காய்ந்துவிடும், மிதவை இறங்கும், மிஷின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். உன் கதை அச்சு அசலாக இப்படித்தான் இருக்கிறது.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பவுடர் தீர்ந்த அன்றைக்கு வேலைக்கு வரும் அக்கா சாதாரண பாத்திரம் கழுவும் லிக்விடை ஊற்றினார் என்று போன மாதம் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அது கையால் தேய்ப்பதற்கு ஆனது. மிஷினுக்குள் தண்ணீர் வேகமாகச் சுழன்று அடிக்கும்போது நுரை பொங்கி, கதவின் கீழ் ஓரம் வழியாக அடித்தட்டில் இறங்கும். அவரைத் திட்டாதே, யாரும் சொல்லித் தராமல் அவருக்கு எப்படித் தெரியும். பவுடர் போடாமல் வெறும் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை ஓட விடு, மீதி நுரை போய்விடும். அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, மாப்பிள்ளையை முன்பக்கம் கீழே இருக்கும் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கச் சொல். ஈரம் இருந்தால் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். மிஷினை நீ தனியாகச் சாய்க்காதே, 50 கிலோ பக்கம் இருக்கும். நுரையெல்லாம் போன பிறகும் ஈரம் வந்தால் கதவு ரப்பரோ உள்ளே ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இடமோ ஒழுகுகிறது என்று அர்த்தம், அப்போது மெக்கானிக்கைக் கூப்பிடு, அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறது என்று நீயே சொல்லிவிடு.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பயம். சில நாள் பாதி ஓடி அணைந்துவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வருகிறது என்றாயே. அதற்கும் மிதவைக்கும் சம்பந்தம் இருக்காது. ஹீட்டர் மட்டும் 1800, 2000 வாட் இழுக்கும், 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8, 9 ஆம்பியர். தண்ணீர் நிரம்பும்வரை ஒன்றும் தெரியாது, ஹீட்டர் போட்டதும் பிளக்கில் லூசாக இருக்கும் பின் சூடாகி உள்ளே தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அந்த 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்தான் இன்னும் போட்டிருக்கிறாய் என்றால் இன்றைக்கே எடுத்துவிடு. 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகப் போட வேண்டும், எர்த் சரியாக இருக்க வேண்டும். பிளக் பின்னுக்குப் பக்கத்தில் பழுப்பாகவோ உருகின மாதிரியோ இருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையுமே மாற்றணும்.

கதவும் ஒரு காரணமாக இருக்கலாம், குக்கர் கைப்பிடியோ நீளக் கரண்டியோ முட்டினால் கொண்டி முழுசாக விழாது, 'டக்' சத்தம் வந்ததா என்று கேட்டுக்கொள். தண்ணீர் வரும் ஹோஸ் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவு, டேங்கர் தண்ணீரில் மண் வரும். மிஷினுக்குள் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்க உப்பு போடும் அறைக்கு அதற்கென்று விற்கும் உப்புதான், சமையல் உப்பு வேண்டவே வேண்டாம்.

எது எப்போது நின்றது என்று காலண்டரிலேயே குறித்து வை. அந்தப் பம்ப் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அனுப்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் பிளக்கின் மூன்று பின்னும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, அதை நான் பார்த்துச் சொல்கிறவரைக்கும் மிஷினைப் போடாதே.

அப்பா