வெள்ளைத்திரையைக் கொஞ்சம் கிழக்கே கொண்டுவாருங்கள்

பாலக்காட்டு ஃபிலிம் சொசைட்டி நண்பர்களுக்கும் சித்தூர் தாலுகாவின் வாயனசாலை (நூலகம்) கமிட்டிக்காரர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் போடுகிற படங்களை, தமிழ் பேசுகிற எங்கள் எல்லை ஊர்களான கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமும் கொண்டுவந்து போடுங்கள். வெளிநாட்டுப் படம் என்றால் கீழே தமிழில் வரி (சப்டைட்டில்) ஓடட்டும். கேட்க வந்தது இவ்வளவுதான். இதற்கு எதற்கு ஒரு மடல் என்றால், வாய்வார்த்தையாகக் கேட்டபோது உங்களில் ஒரு மாஷ் (வாத்தியார்) சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு நேரம் போகிற படம் போதுமே!" அவர் மனசில் கள்ளம் இல்லை. பேச்சு மட்டும் இன்னும் என் காதில் கிடக்கிறது.

நேரம் போகிற படம்தான் வேண்டும் மாஷ், அதில் என்ன வெட்கம்? கஞ்சிக்கோட்டில் ஷிப்ட் முடித்து வந்தவருக்கும், தோப்பில் நாளெல்லாம் தேங்காய் பொறுக்கிப் போட்டவருக்கும் இரண்டு மணி நேரம் வேறெங்காவது போய் இருந்துவிட்டு வரவேண்டும். தவணைக்காரன் வராத ஒரு ஊர். எங்களைப் போன்ற மழை மறைவுப் பூமிக்காரர்களுக்கு, மழை பெய்கிற ஒரு ஊர். நாயகி கிளாரா வரும்போதெல்லாம் மழை கொட்டுகிற பத்மராஜனின் 'தூவானத்தும்பிகள்' (1987) எனக்கு அப்படி ஒரு ஊர். எருத்தேம்பதியில் அந்த மாதிரி மழை பெய்தால் நாங்களும் காதலிப்போம், யார் வேண்டாம் என்றது! பாலு மகேந்திரா காட்டிய கேத்தியும் அப்படித்தான். ஊட்டிக்குப் பஸ் ஏறிப் போனால் அந்த ஊர் கிடைப்பதில்லை, 'மூன்றாம் பிறை'யைப் போட்டால்தான் கிடைக்கிறது.

எல்லைக்காரனாக இருப்பதில் ஒரு லாபம், இரண்டு பக்கத்து இயக்குநர்களையும் நம்மவர் என்று சொல்லிக்கொள்ளலாம். பாலு மகேந்திரா மலையாளத்தில் 'ஓளங்கள்', 'யாத்ரா' எடுத்தார். பரதன் தமிழில் 'தேவர் மகன்' எடுத்தார். எம்.எஸ்.வி. பிறந்த எலப்புள்ளி எங்களுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம். மலையாளப் படத்துக்கு எங்களுக்கு வரியே வேண்டாம், காதாலேயே புரிந்துவிடும். மலையாள எழுத்து படிக்கத் தெரியாத பெரியவர்கள்தான் நிறைய. ஈரான் படத்துக்குக் கீழே இங்கிலீஷோ மலையாளமோ ஓடினால் அவர்கள் அரை மணி நேரம் மரியாதைக்கு உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் 'இவர்களுக்கு ரசனை இல்லை' என்று எழுதிவிடுகிறீர்கள்.

லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்க'த்தை நீங்கள் கொண்டாடினீர்கள். 2022 டிசம்பரில் திருவனந்தபுரம் விழாவில் அது ரசிகர் வாக்கில் விருதும் வாங்கியது. அந்தப் படம் எதைப் பற்றியது? வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்புகிற மலையாளக் கூட்டத்தில் ஜேம்ஸ் (மம்மூட்டி) என்று ஒருவர். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். வயலைத் தாண்டி ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடக்கிறார், ஒரு வீட்டுக்குள் நுழைகிறார், காணாமல் போன சுந்தரமாகவே ஆகிவிடுகிறார். தமிழ் தடையில்லாமல் வருகிறது. வெளியே பெண்டாட்டியும் பிள்ளையும் பஸ்ஸோடு காத்திருக்க, உள்ளே வேறொருவன் வாழ்க்கையைக் கொஞ்ச நேரம் வாழ்ந்துவிட்டுத் திரும்புகிறார். படம் முழுக்க எங்கோ ஒரு டிவியிலோ ரேடியோவிலோ பழைய தமிழ்ப் படத்துப் பாட்டும் வசனமும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஊரே சினிமாவுக்குள்தான் குடியிருக்கிறது.

இதைப் பார்த்துவிட்டு 'அடையாளம்', 'இருப்பு' என்றெல்லாம் நீங்கள் பேசினீர்கள். பேசுங்கள், தப்பில்லை. எனக்கு அது தியேட்டருக்குப் போகிறவனின் கதையாகத்தான் தெரிந்தது. வீட்டை மறந்து, பெயரை மறந்து, இன்னொருவன் சட்டைக்குள் புகுந்துகொண்டு திரும்பி வருகிறவன். எங்கள் ஆட்கள் வாரம் தவறாமல் செய்வது இதைத்தான். மம்மூட்டி செய்தால் கலை, எங்கள் ஆட்கள் செய்தால் நேரம்போக்கு என்கிற கணக்கு எனக்குப் பிடிபடவில்லை.

உங்கள் பரம்பரையில் இதற்கு ஆள் இருந்திருக்கிறார், இயக்குநர் ஜான் ஆபிரகாம். மலையாளியாக இருந்துகொண்டு 1977இல் தமிழில் 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்தவர். அப்புறம் ஒடேசா என்ற கூட்டத்தை ஆரம்பித்து, ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். சினிமாவை நகரத்து ஹாலிலிருந்து வெளியே எடுத்துக்கொண்டு போனார்கள். உங்கள் அறையில் அவர் படம் மாட்டியிருக்கிறது. கொழிஞ்சாம்பாறைக்கு வருவதற்கு அதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டுமா? 2021இல் கோவிட் காரணமாக கேரள சர்வதேசத் திரைப்பட விழாவே நான்கு ஊர்களில் நடந்தது, நான்காவது ஊர் பாலக்காடு. அவ்வளவு பெரிய விழா இடம்பெயர முடியுமென்றால், ஒரு புரொஜெக்டர் இருபது கிலோமீட்டர் வரலாம்.

வரி எழுதுவது பெரிய வித்தை இல்லை. எம்ஸோன் என்ற தன்னார்வக் கூட்டம் உலகப் படங்களுக்கு மலையாளத்தில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததல்ல. வசனமும் அது திரையில் தோன்றி மறைய வேண்டிய நேரமும் அடங்கிய சின்ன ஃபைல்தான், கம்ப்யூட்டரில் படத்தோடு சேர்த்து ஓடவிட்டால் போதும். தமிழில் உள்ள சிக்கல், நம் வார்த்தைகள் நீளம். இங்கிலீஷில் ஒரு வரிக்குள் அடங்குவது தமிழில் இரண்டு வரியை நிரப்பிவிடும், படிப்பதற்குள் காட்சி மாறிவிடும். அதனால் எல்லாவற்றையும் எழுதக்கூடாது, முகம் சொல்வதை முகத்துக்கே விட்டுவிடவேண்டும். எழுத்து நல்ல பெரிதாக, மஞ்சளில் இருந்தால் பின்வரிசைப் பாட்டிக்கும் தெரியும். யூனிகோடில் சரியாகச் சேமிக்காவிட்டால் திரை முழுக்கக் கேள்விக்குறியாகக் கொட்டும், அதை முன்னாலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடவேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகள் சிலரைக் கேட்டால் சந்தோஷமாகச் செய்வார்கள் என்று நினைக்கிறேன்.

படத் தேர்வில் ஒரு வேண்டுகோள். ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் முதல் ஞாயிறே அவர் வேண்டாம். ஈரான் இயக்குநர் மஜித் மஜீதியின் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997) போடுங்கள். தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட பையன், ஒரே ஜோடி ஷூவை ஷிப்ட் மாற்றி இருவரும் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவது, மூன்றாம் பரிசு ஷூ என்பதால் மூன்றாவதாக வரவேண்டும் என்றே பந்தயத்தில் அவன் ஓடுவது... அந்த ஓட்டத்துக்கு எங்கள் ஊரில் விசில் பறக்கும். பறந்தால் "உஷ்" என்று அடக்காதீர்கள். படம் முடிந்ததும் முக்கால் மணி நேரம் பேசுகிற வழக்கத்தையும் அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள். படத்திலிருந்து ஜனங்கள் வீடு வந்து சேரக் கொஞ்சம் நேரம் ஆகும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள்தான். சாயங்காலம் பால் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, அடுப்படி வேலையையும் ஒதுக்கிவிட்டுப் பெண்கள் வரவேண்டும், அதனால் ஏழு மணிக்கு மேல் வையுங்கள். மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூக்கியடிக்கும், திறந்தவெளியில் திரை நிற்காது. பள்ளிக்கூட ஹாலோ கல்யாண மண்டபமோ பார்த்துக்கொள்ளலாம், அதை நாங்கள் பேசி வைக்கிறோம். நாற்காலி வேண்டாம், பாய் போதும். மஜீதி படத்துக்குத் தமிழ் வரி எழுத நாங்கள் சிலர் உட்கார்ந்துவிட்டோம், பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் உங்களுடையவை. தேதி மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குச் சித்தூரிலிருந்து ஒரு சினிமாக்காரன்
(பார்க்கிற வகை)