திரைப் பேனலை மாற்றச் சொல்வதற்கு முன்: கணினிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் கணினிக் கடை நடத்தும் நண்பர்களுக்கு, வணக்கம்.

கொழிஞ்சாம்பாறை அருகே தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். பழைய மடிக்கணினி வைத்திருக்கும் பெற்றோர் உங்களிடம் வந்து உபுண்டு என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல முடிவுதான். கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் பழகுவதும் உபுண்டுவை ஒட்டி உருவான கைட் இயங்குதளமே.

அதற்குப் பிறகு நடப்பதுதான் மனத்தை வருத்துகிறது. தென்னந்தோப்பில் கூலி வேலை செய்யும் தாய் ஒருவர், மகளின் மடிக்கணினியோடு பள்ளிக்கு வந்தார். உபுண்டு போட்ட மறுநாளே திரை அணைந்துவிட்டதாம். "பேனல் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று கடையில் சொன்ன தொகை அவருடைய பல நாள் கூலி.

நான் அதை இயக்கிப் பார்த்தேன். நிறுவனச் சின்னம் ஒரு கோடுகூட இல்லாமல் பளிச்சென்று வந்தது. உள்நுழையும் பக்கம் திறக்கும்போது படம் நடுங்கியது, பட்டை பட்டையாக உறைந்தது, பிறகு கறுத்தது. ஆனால் கேப்ஸ் லாக் விசையை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. இயந்திரம் உயிரோடுதான் இருந்தது. சின்னத்தைத் தெளிவாகக் காட்டிய பேனல், டெஸ்க்டாப் வரும் நொடியில் மட்டும் எப்படிப் பழுதாகும்?

மீண்டும் இயக்கி, எஸ்கேப் விசையால், உபுண்டு தொடங்கும் முன் வரும் கிரப் பட்டியலுக்குச் சென்றேன் (பழைய இயந்திரங்களில் ஷிஃப்ட்). 'இ' (e) விசையை அழுத்தி, லினக்ஸ் (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்று சேர்த்து, எஃப்10 அழுத்தினேன். படம் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் திரை அசையாமல் நின்றது. படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர், திரையின் அமைப்பைத் தானே மாற்றாதபடி தடுக்கும் சொல் அது. அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும். நோயைக் காட்டுமே தவிர தீர்க்காது. இன்டெல் கிராபிக்ஸோடு என்விடியா கிராபிக்ஸ் சில்லும் உள்ள இயந்திரம் அது. 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரைப் போட்டதும் சரியாகிவிட்டது. செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு அமைப்பு) இயங்கும் கணினியில், அடுத்த முறை இயக்கும்போது கடவுச்சொல் கேட்டு ஒரு நீலத் திரை வரும். அவசரத்தில் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது, பழைய கோளாறே திரும்பும்.

பேனலோ கேபிளோ உண்மையாகவே பழுதாவதும் உண்டு. அப்போது சின்னம் வரும்போதே கோடு தெரியும், மூடியை அசைத்தால் படம் மாறும். சந்தேகம் இருந்தால் எச்.டி.எம்.ஐ. கேபிளில் தொலைக்காட்சியை இணையுங்கள். அங்கும் படம் உறைந்தால் பேனல் மீது பழி போட இடமில்லை.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். வட்டை அழிப்பதற்கு முன், பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை ஓட்டி, மூடியை மூடித் திறந்து திரை தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பதிப்பு, எந்த டிரைவர் என்று பில்லிலேயே குறித்துக் கொடுங்கள். திரை கறுத்தால் வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டியதைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். எழுத நேரமில்லை என்றால் நான் எழுதித் தருகிறேன். பள்ளி விட்ட பிறகு எந்த மாலையிலும் வரலாம். திரை கறுத்த மடிக்கணினி ஏதேனும் கடையில் கிடந்தால் அதையும் கொண்டுவாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.

அன்புடன்,
பள்ளி ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை