இஞ்சி தின்ற குரங்கின் கடிதம்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து ஏழு மாதம் ஆகிறது. அதை மேசை விளக்கின் அடியில் வைத்திருக்கிறேன். விளக்கைத் துடைக்கும்போதெல்லாம் அதையும் ஒரு முறை துடைத்துவிட்டு, "நாளைக்கு எழுதிவிடலாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். முதலில் நீ கேட்டதற்கெல்லாம் பதில். முட்டி வலி அப்படியே இருக்கிறது. நித்யாவுக்கு வேலை மாறிவிட்டது, கோபம் மாறவில்லை. இவர் நலம், கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறார். சீனு இன்னும் அந்தக் குடையைத் திருப்பித் தரவில்லை. போதுமா? விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு மூக்கு போய்விட்டது.

சிரிக்காதே. மூக்கு முகத்தில்தான் இருக்கிறது, வேலைக்குத்தான் வருவதில்லை. நான்கு மாதத்துக்கு முன் சாதாரணச் சளிக்காய்ச்சல் ஒன்று வந்தது. ஐந்து நாளில் காய்ச்சல் விட்டது, பத்து நாளில் சளியும் போயிற்று, போன வாசனை மட்டும் திரும்பவில்லை. முதலில் எனக்கே அது புரியவில்லை. சோப்பு செய்கிறவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். காபித்தூள் பழசாகிவிட்டது என்று இவரிடம் சண்டை போட்டேன். ஒரு நாள் மாலை கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன், வெளியிலிருந்து வந்த இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் ஓடுகிறார். அடுப்பில் வைத்த பால் பொங்கி, வற்றி, தீய்ந்து, பாத்திரம் கரிக்கட்டையாகியிருந்தது. நான் பத்தடி தூரத்தில் நிம்மதியாகப் பக்கம் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பயந்தேன்.

மருத்துவர் சொன்னது இதுதான். வாசனையை உணரும் செல்கள் மூக்கின் உச்சியில் ஒரு சின்ன இடத்தில் இருக்கின்றன. சில வைரஸ்கள் அந்த இடத்தைக் கெடுத்துவிடும். மெல்ல மெல்லத் திரும்ப வளரலாம். அதற்கு மருந்தைவிடப் பயிற்சிதான் என்றார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலையிலும் மாலையிலும் முகர வேண்டும். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் என்பவரின் குழு 2009இல் இதை 12 வாரம் செய்யவைத்துப் பலன் கண்டதாம். ஆகவே தினமும் இரண்டு வேளை நான்கு குப்பிகளுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரம் தராத நான்கு தெய்வங்கள். நித்யா போகும்போதும் வரும்போதும் ஒரு கும்பிடு போடுகிறாள்.

இதற்கு நடுவில்தான் இஞ்சி பிஸ்கட் வந்தது.

பார்க்க வந்த யாரோ ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்போதெல்லாம் சாப்பிடுவது எனக்கு ஓர் அலுவலக வேலை மாதிரி. நாக்குக்கு இனிப்பும் உப்பும் புளிப்பும் கசப்பும் தெரியும். எந்தப் பண்டம் என்பது மட்டும் தெரியாது. எதிர்பார்ப்பே இல்லாமல் ஒன்றைக் கடித்தேன். கடித்தேன், மென்றேன், விழுங்கினேன். விழுங்கிய பிறகு தொண்டையில் ஒன்று மெதுவாகச் சூடேறியது. கோமதி, ஆறு வாரத்தில் முதல் தடவையாக ஒரு தின்பண்டம் என்னைத் திருப்பிக் கடித்தது. உட்கார்ந்த இடத்தில் அழுதுவிட்டேன். இவர் பல் வலி என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் தேடிப் படித்ததில் புரிந்தது. காரம் என்பது சுவையும் இல்லை, வாசனையும் இல்லை. அது ஒரு வகைச் சூடு. மிளகாயின் காரத்தையும், ஏறத்தாழ 43 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டையும் உடம்பு ஒரே ஏற்பி வழியாகத்தான் அறிகிறது. அதைக் கண்டுபிடித்ததில் டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இஞ்சியும் தட்டுவது அதே கதவைத்தான். செய்தியைக் கொண்டுபோவது முகத்தின் தொடு உணர்வைச் சுமக்கும் வேறொரு நரம்பு. அதாவது என் மூக்கு இழுத்து மூடிக் கிடந்தாலும் இஞ்சிக்குக் கொல்லைப்புறக் கதவு திறந்திருக்கிறது!

அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. கடைகளில் கிடைத்த இஞ்சி பிஸ்கட்டில் ஐந்து வகை வாங்கி வரச் சொன்னேன். உறையைப் பிரித்து, தட்டுகளுக்கு அடியில் எண் ஒட்டி, நித்யாவைக் கலைத்து வைக்கச் சொல்லி, நானும் இவரும் தனித்தனியாகத் தின்று மதிப்பெண் போட்டோம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெந்நீர் குடிக்க வேண்டும், ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் முன்னதன் காரம் பின்னதன் கணக்கில் ஏறிவிடும். நம்முடைய செய்முறைத் தேர்வில்கூட நான் இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை.

எண்களை நினைவில் வைக்க முடியவில்லை என்பதால் பெயர் வைத்தேன். எல்லாம் நம் பள்ளி ஆசிரியர்களின் பெயர்கள்தான் என்று நீயே ஊகித்திருப்பாய்.

முதலாவது வரதன் சார். சின்னது, கருத்தது, மேலெல்லாம் வெடிப்பு, கல் மாதிரி. கடித்தால் சத்தம் காதில் கேட்காது, மண்டையோட்டுக்குள் கேட்கும். இளகிய மனசே கிடையாது. ஆனால் மெல்ல மெல்ல ஏறும் காரம் இருக்கிறதே, அவர் வகுப்பு முடிந்து வெகு நேரத்துக்குப் பிறகு கணக்கு விளங்குமே, அதே மாதிரி! ஆங்கிலத்து ஜிஞ்சருக்கு மூலம் நம்முடைய இஞ்சிவேர்தான் என்று அவர் கரும்பலகையில் எழுதி மார்தட்டியது நினைவிருக்கிறதா? அவர் பெயரை இதற்கு வைத்தது பொருத்தம்தான்.

இரண்டாவது பொன்னம்மா டீச்சர். வெண்ணெய் தாராளம், உதட்டில் வைத்தாலே உதிரும். அன்பு, இனிப்பு, வேறொன்றும் இல்லை. நான்காவது டிரில் மாஸ்டர்; சர்க்கரைப் பாகில் ஊறிய இஞ்சித் துண்டுகள் உள்ளே ஒளிந்திருக்கின்றன, எதிர்பாராத இடத்தில் விசில் அடிக்கும். மெல்ல மெல்லப் பல்லில் ஒட்டுவதுதான் குறை. ஐந்தாவது சாக்லெட் பூசியது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மூன்றாவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தகர டப்பாவில் வந்தது. மெல்லிசு, தகடு மாதிரி, ஒரே சீரான பொன்னிறம். டப்பாவைத் திறந்த உடனே இவரும் நித்யாவும் "ஆகா" என்று ஒரே குரலில் மூச்சை இழுத்தார்கள். நான் கடித்துப் பார்த்தேன். மொறுமொறுப்பு முதல் தரம். அதன் பிறகு வெறும் சர்க்கரை. காரம் துளியும் இல்லை. இன்னொன்று தின்றேன், அதே கதைதான். பெயர் தலைமையாசிரியை என்று வைத்தாயிற்று. வரும் முன்னே மணம் வரும், வந்தால் ஒன்றும் நடக்காது.

முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் இவர் மூன்றாவதுக்கு முதலிடம், நான் கடைசி இடம். நான் முதலிடம் கொடுத்த வரதன் சாருக்கு இவர் கடைசி இடம். முப்பத்தைந்து வருடக் குடித்தனத்தில் நாங்கள் இவ்வளவு துல்லியமாக மாறுபட்டதே இல்லை.

காரணம் டப்பாவின் பின்பக்கத்தில் இருந்தது. முன்பக்கம் முழுக்கப் புஷ்டியான இஞ்சிக் கிழங்கின் படம். பின்னால் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் "இயற்கை இஞ்சிச் சுவையூட்டி". பெரும்பாலான நாடுகளில் சேர்மானப் பட்டியலை எடைப்படி அதிகத்திலிருந்து குறைவுக்கு எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது. இதில் அந்தச் சுவையூட்டி உப்புக்கும் கீழே இருந்தது. என் ஊகம், அது இஞ்சி எண்ணெய். இஞ்சியை ஆவியில் வடித்தால் எண்ணெயில் வாசனை வந்துவிடும். காரம் தருகிற ஜிஞ்சரால் ஆவியாகாது, சக்கையோடு தங்கிவிடும். மூக்கு உள்ளவர்களுக்கு அது இஞ்சி, எனக்கு வெறும் மாவு. ஊரையெல்லாம் ஏமாற்றிய டப்பா மூக்கில்லாதவளிடம் பிடிபட்டது என்று இரண்டு நாள் கர்வமாக இருந்தேன்.

வரதன் சாரின் உறையிலோ நேர்மையாகச் சுக்குப் பொடி. இஞ்சி காயும்போது அந்த ஜிஞ்சரால் நீரை இழந்து ஷோகாலாக மாறுகிறது. ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி. இது இன்னும் உறைப்பு, அதனால்தான் சுக்கு இஞ்சியைவிடச் சுள்ளென்று இருக்கிறது. அடுப்புச் சூட்டில் கொஞ்சம் ஜிஞ்சரால் ஜிஞ்சரோன் ஆகிச் சாந்தமாகிவிடும். ஆக, எவ்வளவு சுக்குப் போட்டார்கள் என்பதோடு எவ்வளவு நேரம் சுட்டார்கள் என்பதும் கணக்கு. எனக்கு இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்பாய். நேரம் போக வேண்டாமா?

கல் மாதிரி இருப்பதற்கும் காரணம் உண்டு. சர்க்கரையும் பாகும் அதிகம், தண்ணீர் குறைவு. அடுப்பில் உருகும் சர்க்கரை ஆறும்போது கண்ணாடி போல இறுகிவிடுகிறது. மேற்புறம் முதலில் காய்ந்து இறுகிய பிறகு உள்ளே மாவு பொங்குவதால் அந்த வெடிப்புகள். இந்தக் கடினம் எவ்வளவு இருக்கலாம் என்பதில் மனிதர்களுக்குள் ஒத்துப்போகவே முடியாது போலிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆர்னட்ஸ் நிறுவனம் ஒரே பெயரில் இஞ்சி பிஸ்கட்டை நான்கு விதமாகச் செய்து வெவ்வேறு மாநிலங்களில் விற்கிறது. நியூ சவுத் வேல்ஸுக்குப் போவது சின்னது, மிகக் கெட்டி. விக்டோரியாவுக்குப் போவது பெரிதாகவும் மென்மையாகவும் இருக்கும். நானும் இவரும் ஒரே வீட்டில் இரண்டு மாநிலமாக இருக்கிறோம், அவ்வளவுதான்.

தேநீரில் தோய்க்கும் பரீட்சையும் நடந்தது. இதில் முன்னோடி நான் இல்லை. லென் ஃபிஷர் என்ற இயற்பியலாளர் பிஸ்கட் தோய்ப்பதை ஆராய்ந்து 1999இல் இக் நோபல் வாங்கியிருக்கிறார்; முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. நுண்துளைகள் வழியே தேநீர் ஏறும், மாவு ஊறும், சர்க்கரை கரையும், பிஸ்கட் விழும். கிடையாகத் தோய்த்து மேல்பக்கத்தை உலர்ந்தபடி விட்டால் அது தாங்கும் என்பது அவர் யோசனை. பொன்னம்மா டீச்சர் நான்கு எண்ணுவதற்குள் கோப்பையில் முங்கிவிட்டார். வரதன் சார் பன்னிரண்டு வரை நின்றார். தோய்த்தால் அவரும் கொஞ்சம் பேச்சுக்கு வருகிறார் என்பதை இவர்கூட ஒப்புக்கொண்டார்.

தோய்க்காமல் ஒரு நாள் அவசரப்பட்டுக் கடித்ததில் எனக்குக் கடைவாய்ப் பல்லின் அடைப்பு பெயர்ந்து வந்தது வேறு கதை. பல் மருத்துவர் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்றார். நான் பதில் சொல்லாமல் இஞ்சி தின்ற குரங்கு மாதிரி முழித்தேன். அவர் சிரித்ததற்குப் பிறகுதான் உவமை எனக்கே உறைத்தது.

இவ்வளவு உளறுகிறாளே என்று நினைக்காதே. ஒன்றைச் சொல்லத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். அம்மாவின் பெட்டி என்னிடம் இருப்பது உனக்குத் தெரியும். வருடத்துக்கு ஒரு தடவைதான் திறப்பேன், வாசனை போய்விடக் கூடாது என்று. இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு ஓர் இரவு திறந்தேன். சால்வையை முகத்தோடு அழுத்திக்கொண்டேன். துணி, அவ்வளவுதான். யாருடைய துணி வேண்டுமானாலும் அது. பிறகு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது: நான் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் மிச்சமிருக்கும் வாசனையும் எனக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருக்குமே என்று. சட்டென்று மூடிப் பூட்டிவிட்டேன். இதை இவரிடமும் சொல்லவில்லை.

நல்ல செய்தியும் ஒன்று உண்டு. போன வாரம் நான்கு குப்பிகளில் கிராம்பு மட்டும் வாயைத் திறந்தது. தூரத்துத் தெருவில் யாரோ கூப்பிடுவது போல, ஒரு நொடி. மறுநாள் காபியும் திரும்பி வந்தது, ஆனால் எரிந்த ரப்பராக. வளரும் நரம்புகள் முதலில் இப்படிக் கம்பியை மாற்றிப் பிணைப்பது உண்டாம், நல்ல அறிகுறியாம். எரிந்த ரப்பரைக் குடித்துக்கொண்டே நல்ல அறிகுறி என்று இவருக்கு விளக்கினேன்.

இத்துடன் மூன்று டப்பாக்கள் அனுப்புகிறேன். வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறேன், கிழித்துப் பார்க்காதே, உன்னைத் தெரியும் எனக்கு. பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வை, பிஸ்கட் ஈரத்தை இழுத்துத்தான் கெடும். நமத்துப் போனால் இளஞ்சூட்டில் ஐந்து நிமிடம் வைத்து ஆறவிடு, திரும்ப மொறுமொறுக்கும். ஒன்றும் இரண்டும் எப்படிக் கடிக்கின்றன என்று எழுது. மூன்றாவதைத் தின்னக்கூட வேண்டாம். திறந்து, நன்றாக மூச்சை இழுத்து, எப்படி இருக்கிறது என்று எனக்கு விவரமாக எழுது. இவரைக் கேட்டேன், "நன்றாக இருக்கிறது" என்கிறார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உன்,
வத்சலா