மோட்டார் ஹோம் பயணிகள் கழிவை வெளியேற்றவும், தண்ணீர் பிடிக்கவும், பிரித்த குப்பையைத் தரவும் நீலகிரியில் இடம் ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கோவையில் வசிக்கும் மோட்டார் ஹோம் உரிமையாளர் ஒருவரும், அதே வகை வாகனம் வைத்திருக்கும் நண்பர்களும்
(பெயர், முகவரி, வாகனப் பதிவு எண், கையொப்பம் ஆகியவை தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: மோட்டார் ஹோம், கேரவன் (உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை உள்ள வண்டிகள்), சமையலுடன் வரும் சுற்றுலா வேன்கள் ஆகியவற்றுக்குக் கழிவு வெளியேற்றும் இடம், தண்ணீர்க் குழாய், குப்பை பெறும் வசதி ஆகியவற்றை உதகை, குன்னூர், கூடலூரில் அமைத்துத் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. குத்துக்காலிட்டு உட்கார முடியாது. வெளியூர் கிளம்பினால் கழிப்பறைக்கு என்ன செய்வது என்ற பயத்திலேயே பல வருடம் அவர் எங்கும் வரவில்லை. கடைசியில் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, அங்கீகாரம் பெற்ற பட்டறையில் கேரவனாக மாற்றி, பதிவுச் சான்றிலும் அப்படியே பதிவு செய்துகொண்டோம். இரண்டு பேர் படுக்க இடம், சின்ன அடுப்பு, கை கழுவும் தொட்டி, உட்காரும் கழிப்பறை எல்லாம் உள்ளே உண்டு. அதன் பிறகுதான் அவர் முதுமலையில் யானையைப் பார்த்தார், பைக்காரா ஏரியைப் பார்த்தார். இந்த மலையை எங்களுக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் இந்த மனு.

எங்கள் வண்டியில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நல்ல தண்ணீருக்கு, 120 லிட்டர். இரண்டாவது, பாத்திரம் கழுவி, முகம் கழுவி வரும் அழுக்குத் தண்ணீர் சேரும் தொட்டி. வண்டிக்கு அடியில் இருக்கும், திறக்க ஒரு வால்வு உண்டு. மூன்றாவது, கழிப்பறைக்குக் கீழே பெட்டி போல் இருக்கும் ‘கேசட்’. சுமார் 18 லிட்டர் பிடிக்கும். பக்கவாட்டுக் கதவைத் திறந்து சூட்கேஸ் போல வெளியே இழுத்து, எடுத்துப் போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். இரண்டு பேருக்கு இரண்டரை, மூன்று நாளில் நிரம்பிவிடும். நிரம்பியதும் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்த பிறகு இந்த மலையில் எங்கே போவது என்பதுதான் எங்கள் பிரச்சினை.

கடந்த மே மாதம் மூன்றாவது நாள் காலையில் அந்த விளக்கு எரிந்தது. வழியில் ஒரு பொதுக் கழிப்பறை வாசலில் வண்டியை நிறுத்தி, கேசட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வேலை பார்க்கும் அம்மா, வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், “இது என்ன பெட்டிங்கண்ணா?” என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “இதுல ஊத்தாதீங்கண்ணா. ஏற்கெனவே மெதுவாத்தான் போகுது. அடைச்சுக்கிட்டா நான்தான் கம்பிய விட்டுக் குத்தணும்” என்றார். அவர் கையில் உறை இல்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகு எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. பெட்டியை மூடித் திரும்ப வண்டியில் வைத்து, அன்றே பயணத்தை முடித்துக்கொண்டு, நிரம்பிய கேசட்டோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கோவைக்கு வந்து, எங்கள் வீட்டுக் கழிப்பறையில் கொட்டினேன்.

எனக்கு வீடு பக்கம், அதனால் முடிந்தது. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர் என்ன செய்வார்? சிலர் என்ன செய்கிறார்கள் என்று நானே பார்த்திருக்கிறேன். விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத வளைவில் நிறுத்தி, அடியில் இருக்கும் வால்வைத் திறந்துவிடுகிறார்கள். சோப்பு நுரையோடு தண்ணீர் சாலையோர வாய்க்காலில் இறங்கித் தேயிலைச் சரிவுக்குள் போகிறது. கேசட்டையும் அப்படிக் காலி செய்பவர்கள் உண்டு என்று மனவேதனையோடு ஒப்புக்கொள்கிறேன். இந்த மலையின் கிழக்குச் சரிவில் ஓடும் ஓடைகள் கல்லாறு வழியாகவும் குன்னூர் ஆற்றின் வழியாகவும் பவானியில்தான் சேர்கின்றன. மேட்டுப்பாளையத்திலும் திருப்பூரிலும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். அப்படிக் கொட்டுகிறவர்களுக்கு அபராதம் போடுங்கள், நாங்கள் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கொட்டுவதற்கு ஒரு முறையான இடத்தைக் காட்டுங்கள். நாங்கள் வந்துபோன வழிகளில் ‘இங்கே கொட்டாதீர்’ என்ற பலகைகளைத்தான் பார்த்தோம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கேசட்டில் நாற்றம் வராமல் இருக்க ஒரு திரவம் ஊற்றுவார்கள். அதில் சில வகைகளில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். கிருமியைக் கொல்வதுதான் அதன் வேலை. அதைச் சின்ன செப்டிக் டேங்கிலோ பயோ டாய்லெட்டிலோ கொட்டினால், அங்கே கழிவை மட்கச் செய்யும் பாக்டீரியாவும் சேர்ந்து செத்துப்போகும். அப்புறம் அந்தத் தொட்டி வேலை செய்யாது. ஆகவே கண்ட கழிப்பறையிலும் கொட்ட அனுமதி தாருங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பாதாளச் சாக்கடையோடு சேர்ந்த, பெரிய சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் இடமாக அது இருக்க வேண்டும். உதகையில் காந்தல் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதற்குப் போகும் பாதையில் எங்காவது ஓரிடம் கிடைத்தால் போதும். ஃபார்மால்டிஹைடு கலந்த திரவத்துக்கு அங்கே தடை விதித்துப் பலகையும் வைக்கலாம். அந்தப் பொருள் இல்லாத திரவங்களும் கிடைக்கின்றன. நான் அதைத்தான் வாங்குகிறேன்.

அந்த இடம் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மெக்கானிக்காக என் யோசனையைச் சொல்கிறேன். வண்டி ஏறி நிற்க ஒரு சிமென்ட் தளம், நாலு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சரிவு, நடுவில் கம்பி வலை போட்ட வடிகால். அழுக்குத் தண்ணீர் வால்வை அதற்கு நேராகத் திறந்துவிடலாம். பக்கத்திலேயே இடுப்புக்குக் கீழான உயரத்தில் மூடியுள்ள தொட்டி வாய் ஒன்று. கேசட்டை அதில் கவிழ்த்துவிட்டு, அங்கேயே இருக்கும் குழாயில் அலசிக்கொள்ளலாம். நல்ல தண்ணீர்க் குழாய் மட்டும் கட்டாயம் தள்ளி இருக்க வேண்டும், வேறு நிறம் அடித்திருக்க வேண்டும். கேசட் அலசிய ஹோஸை எடுத்து நல்ல தண்ணீர்க் குழாயில் மாட்டுகிற தவறு எங்கேயும் நடக்கக்கூடியது. அதற்குத் தண்ணீர் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் வால்வு வைப்பதும் நல்லது. ஒரு பொதுக் கழிப்பறை கட்டுகிற அளவுக்கு இதற்குச் செலவாகாது என்பது என் கணிப்பு. பிரான்சில் சிற்றூர்களில்கூட நகராட்சியே இப்படித் தளம் போட்டு வைத்திருக்கிறது. நமக்கும் முடியாத வேலை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே எந்தத் தூய்மைப் பணியாளரும் எங்கள் கழிவைத் தொட வேண்டிய நிலை வரக் கூடாது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்து 2013-ல் சட்டமே வந்துவிட்டது. நாங்களே கொட்டுவோம், நாங்களே கழுவுவோம். அந்த அம்மா மறுபடி கம்பியை எடுக்க எங்கள் பெட்டி காரணமாக இருக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீர். ஒருமுறை பயன்படுத்தும் பாட்டில்களுக்கு இங்கே தடை உண்டு, பல இடங்களில் குடிநீர் ஏ.டி.எம். வைத்திருக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு, நாங்கள் மனதார மதிக்கிறோம். ஆனால் அது பாட்டிலுக்கும் கேனுக்கும் செய்தது. 120 லிட்டர் தொட்டியை 20 லிட்டர் கேனால் நிரப்ப ஆறு நடை நடக்க வேண்டும். பின்னால் குழந்தைகளோடு வரிசை நிற்கும். மூன்றாவது கேனிலேயே எனக்குக் கூச்சமாகிவிட்டது. கோடையில் உள்ளூர் மக்களே தண்ணீருக்குக் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறோம், அவர்களுக்குப் போகத்தான் எங்களுக்கு. அதனால் ஒரு வண்டிக்கு 60 லிட்டர் என்று அளவு வைத்து, காசு வாங்கிக்கொண்டு தாருங்கள். தட்டுப்பாடு வரும் வாரங்களில் குழாயை மூடிவிட்டு, மலையேறும் முன்பே நிரப்பிக்கொண்டு வரச் சொல்லி, இங்கே வர நாங்கள் எடுக்கும் இ-பாஸிலேயே தெரிவித்துவிடலாம்.

குப்பை விஷயத்தில் இந்த மாவட்டம் மாநிலத்துக்கே வழிகாட்டியது. தமிழ்நாடு முழுக்க 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1-ல்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, திருமதி சுப்ரியா சாகு அவர்கள் ஆட்சியராக இருந்தபோது, ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ என்று பிளாஸ்டிக்கை எதிர்த்து இங்கே இயக்கம் நடந்தது. குன்னூர் ஓட்டுப்பட்டறையில் மக்காத குப்பையைத் தரம் பிரித்து, அழுத்திக் கட்டி, மறுசுழற்சிக்கு அனுப்புகிறார்கள். எங்கள் வண்டியிலும் மூன்று பை வைத்திருக்கிறோம்: காய்கறித் தோலுக்கு ஒன்று, டப்பா, கவர், பாட்டிலுக்கு ஒன்று, பேட்டரி, மாத்திரை அட்டை போன்றவற்றுக்கு ஒன்று. பால் கவரைக்கூட என் மனைவி கழுவிக் காயவைத்துத்தான் பையில் போடுவார். இவ்வளவும் செய்துவிட்டு, கடைசியில் ஏதோ ஒரு காட்சிமுனையில் இருக்கும் ஒரே தொட்டியில் மூன்றையும் சேர்த்துப் போட வேண்டியிருக்கிறது. மூடி இல்லாத தொட்டியாக இருந்தால் குரங்கு வந்து இழுத்துப் போட்டுவிடும். மிச்சத்தைக் காட்டெருமையும் மானும் மேயும். பிரித்த குப்பையைப் பிரித்தபடியே வாங்கிக்கொள்ள ஓர் ஆளோ, குரங்கு திறக்க முடியாத மூன்று தொட்டியோ அந்தத் தளத்தின் பக்கத்தில் இருந்தால் போதும்.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 20-ஆவது விதி மலைப்பகுதிகளுக்காகவே எழுதப்பட்டது. சுற்றுலா இடங்களில் உள்ளாட்சி தொட்டி வைக்க வேண்டும், நுழைவாயிலிலேயே பயணிகளுக்கு விதிமுறையைத் தெரிவிக்க வேண்டும், தேவைப்பட்டால் அங்கேயே குப்பைக் கட்டணம் வாங்கலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. கட்டணம் பற்றிய அந்த வரியைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன், ஏனென்றால் நாங்கள் எதையும் இலவசமாகக் கேட்கவில்லை.

வழியும் தயாராகவே இருக்கிறது. 2024 மே 7 முதல் இங்கே வரும் ஒவ்வொரு வெளியூர் வண்டிக்கும் இ-பாஸ் எடுக்கிறோம். 2025 கோடையில் வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. அந்தப் படிவத்தில் ‘வண்டிக்குள் கழிப்பறை அல்லது சமையல் வசதி உண்டா?’ என்று ஒரு கேள்வி சேர்த்தால், ‘ஆம்’ என்பவர்களிடம் மட்டும் சேவைக் கட்டணத்தை அங்கேயே வாங்கிவிடலாம். தளம் எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறந்திருக்கும் என்பதையும் பாஸிலேயே அச்சடிக்கலாம். எத்தனை வண்டி இப்படி வருகிறது என்ற கணக்கும் தங்களுக்குக் கிடைக்கும்.

மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தானே என்று தோன்றலாம். உண்மைதான். ஆனால் விடுமுறை நாட்களில் அண்டா, அடுப்பு, சமையல்காரரோடு வரும் சுற்றுலா வேன்களைப் பாருங்கள். ஐம்பது பேருக்குச் சோறு வடித்த கஞ்சியும், சாம்பார் அண்டா கழுவிய தண்ணீரும், இலைகளும் சாலையோரத்தில்தான் போகின்றன. அவர்களுக்கும் இதே தளம், இதே குழாய், இதே தொட்டிகள் உதவும். மாநில அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் கேரவன் சுற்றுலாவும் இடம்பெற்றிருக்கிறது. கேரளம் 2021-லேயே கேரவன் கொள்கை கொண்டுவந்து, வாகமண்ணில் கேரவன் பூங்கா திறந்துவிட்டது. இனி இந்த வண்டிகள் கூடத்தான் செய்யும்.

ஆகவே, முதல் கட்டமாக மூன்று இடங்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். உதகையில் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள ஓரிடம் அவசரத் தேவை. கழிவு, தண்ணீர், குப்பை மூன்றும் அங்கே வேண்டும். குன்னூரில் ஓட்டுப்பட்டறை மையத்தையொட்டிக் குப்பை பெறும் இடமும் தண்ணீர்க் குழாயும் போதும். கூடலூருக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. பந்திப்பூர் வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருப்பதால், கர்நாடகம் போகிறவர்கள் பலர் கூடலூரிலேயே இரவைக் கழிக்கிறார்கள். அங்கே மூடிய சேகரிப்புத் தொட்டி ஒன்று கட்டி, உரிமம் பெற்ற கழிவுநீர் லாரி மூலம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகலாம். காட்டுக்குள்ளோ, யானை வழித்தடத்திலோ, ஓடைக்கரையிலோ இவற்றில் எதையும் அமைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம். இரவு தங்க இடம் கேட்டும் இந்த மனு இல்லை.

மூன்றும் ஒரே நேரத்தில் முடியாது என்றால், உதகையில் ஒன்றை மட்டும் வரும் கோடை சீசனுக்குள் சோதனையாகத் திறந்து பாருங்கள். பராமரிப்பில் எங்களால் ஆன உதவியைச் செய்கிறோம். சீசன் நாட்களில் முறை வைத்து ஒருவர் அங்கே நின்று, புதிதாக வருபவர்களுக்கு எப்படிக் கொட்டுவது, எப்படிக் கழுவுவது என்று காட்டத் தயாராக இருக்கிறோம். பொறியாளர்கள் பார்க்க விரும்பினால், தாங்கள் சொல்லும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் என் வண்டியை ஆட்சியர் அலுவலகத்துக்கே கொண்டுவருகிறேன். மூன்று தொட்டிகளையும் திறந்து காட்டுகிறேன். கேசட்டைக் காலி செய்து, கழுவித்தான் கொண்டுவருவேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்கள்
கோயம்புத்தூர்

இணைப்பு: கையொப்பத் தாள், வாகனப் பதிவுச் சான்று நகல், தளத்துக்கான கைவரைபடம்